அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்படும் கசிவும் ஃபிஸ்டுலாவும்: என்டோஸ்கோபி அறைக்கு வெளியே அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமரா பொருத்திய குழாயை உடலுக்குள் செலுத்திப் பார்க்கும் என்டோஸ்கோபிப் பிரிவில் செவிலியராகப் பணிபுரியும் எனக்கு, அறைக்கு வெளியே நாற்காலியில் காத்திருக்கும் உறவினர்கள் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ மனப்பாடம். உணவுக்குழாய், இரைப்பை, குடல், பித்தப்பை ஆகியவற்றில் அறுவை சிகிச்சை முடிந்து, எல்லாம் நலமாகிவிட்டது என்று நினைத்திருந்த நேரத்தில் "லீக்" என்ற சொல்லைக் கேட்டு வந்தவர்கள் அவர்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, மருத்துவர்கள் சொல்லும் விளக்கங்களையும் நான் அருகிலிருந்து பார்த்தவற்றையும் பதிலாகத் தொகுத்திருக்கிறேன். உங்கள் நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரே சொல்ல முடியும்.

லீக் ஆயிடுச்சுன்னு சொல்றாங்க, இன்னொரு டாக்டர் ஃபிஸ்டுலாங்கிறாரு. ரெண்டும் ஒண்ணுதானா?

குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பிறகு, மீதமுள்ள இரண்டு முனைகளையும் தையலாலோ ஸ்டேப்ளர் ஊசிகளாலோ இணைப்பார்கள். அந்த இணைப்பு ஓரிடத்தில் சேராமல் விட்டு, உள்ளே ஓட வேண்டிய உமிழ்நீர், உணவு, பித்தநீர், மலம் போன்றவை வெளியே கசிந்தால் அதுவே லீக். பெரும்பாலும் அறுவை சிகிச்சை நடந்து முதல் ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்குள் இது தெரியவரும்.

கசிந்த நீர் வேறொரு இடத்துக்கு வழி கண்டுபிடித்து, அந்த வழியே நாளடைவில் உள்தோல் படர்ந்து நிலைத்துவிட்டால் அது ஃபிஸ்டுலா. குடலிலிருந்து வயிற்றுத் தோலுக்கோ, உணவுக்குழாயிலிருந்து மூச்சுக்குழாய்க்கோ அப்படி ஒரு பாதை உண்டாகலாம். நம் ஊரில் பௌத்திரம் என்று சொல்வது ஆசனவாய் அருகே வருகிற ஃபிஸ்டுலா. அது வேறு நோய். அதற்கான சிகிச்சையும் வேறு. லீக் என்பது புதிய காயம், ஃபிஸ்டுலா என்பது பழகிப்போன பாதை என்று வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல பதில்கள் எளிதாகப் புரியும்.

டாக்டர் தையல் சரியாப் போடலையா?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்பவர்களும் உண்டு, கேட்கத் தயங்கி என்னிடம் மெதுவாகக் கேட்பவர்களும் உண்டு. தையல் நுட்பத்தில் குறை இருக்கவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இணைப்பு ஒட்டுவதற்கு அந்த இடத்துக்குப் போதுமான இரத்தம் வர வேண்டும், இரண்டு முனைகளும் இழுபடாமல் இருக்க வேண்டும், உடலில் புரதம் இருக்க வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை நோய், புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மருந்துகள், முன்பே கொடுத்த கதிர்வீச்சு, நீண்ட நாள் சாப்பிட முடியாமல் மெலிந்திருந்த உடல் ஆகியவை இவற்றைக் கெடுக்கும்.

இடமும் முக்கியம். உணவுக்குழாயை அகற்றி இரைப்பையைக் கழுத்துக்கோ மார்புக்கோ மேலே இழுத்து இணைக்கும் அறுவை சிகிச்சையில், நல்ல அனுபவமுள்ள மையங்களிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கசிவு ஏற்படுகிறது. உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையைச் சிறுகுழாய்போல் ஆக்கும் ஸ்லீவ் சிகிச்சையில் நூற்றில் ஒருவர் முதல் மூவர் வரை.

லீக் இருக்குன்னு எதை வெச்சுச் சொல்றாங்க?

பல நேரங்களில் முதலில் சொல்வது நாடித்துடிப்புதான். வலியும் காய்ச்சலும் பெரிதாக இல்லாமல் நாடி மட்டும் 120க்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால், குறிப்பாக உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சைக்குப் பிறகு, அதை யாரும் பதற்றம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. உள்ளே தேங்கும் நீரை வெளியேற்ற வைத்திருக்கும் டிரெயின் குழாயில் வரும் நீர் இளஞ்சிவப்பிலிருந்து பச்சையாகவோ கலங்கலாகவோ மாறுவது, தோள்பட்டை வலி, மூச்சுத்திணறல், காரணம் தெரியாத விக்கல் ஆகியவையும் அறிகுறிகள்.

அதன்பின் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். கசிவு படத்தில் தெரிவதற்காக அதற்கு முன் குடிக்கக் கொடுக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து நீரில் கரையும் வகையாக இருக்கும். நீரில் கரையாத கான்ட்ராஸ்டான பேரியம் வயிற்றுக்குள் கசிந்தால் அதுவே கடும் அழற்சியை உண்டாக்கும் என்பதால் தவிர்ப்பார்கள். சில வேளைகளில் மெத்திலீன் நீலம் என்ற சாயம் கலந்த நீரைக் குடிக்கவைத்து, டிரெயினில் நீலம் வருகிறதா என்று பார்ப்பதும் உண்டு. ஸ்கேன் குழப்பமாக இருந்தால் என்டோஸ்கோபியே நேரில் பார்த்துச் சொல்லிவிடும்.

ஓட்டை இருக்கிற இடத்துல கேமரா குழாயை விட்டா ஓட்டை பெருசாகாதா?

நியாயமான பயம். என்டோஸ்கோபி செய்யும்போது உள்ளே பார்ப்பதற்காகக் காற்றைச் செலுத்த வேண்டும். அந்தக் காற்று ஓட்டை வழியே மார்புக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ போய் அழுத்தக்கூடும். அதனால் கசிவு உள்ளவர்களுக்குச் சாதாரணக் காற்றுக்குப் பதிலாக, உடல் வேகமாக உறிஞ்சிக்கொள்ளும் கரியமில வாயுவைப் பயன்படுத்துவார்கள். நாங்கள் அறையைத் தயார் செய்யும்போது முதலில் சரிபார்க்கும் பொருள்களில் அந்த சிலிண்டரும் ஒன்று. பக்குவமான கையால் மென்மையாகச் செய்யப்படும் என்டோஸ்கோபி ஓட்டையைப் பெரிதாக்குவது அரிது.

மறுபடி வயித்தைத் திறந்து நல்லாத் தைச்சிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடுமே?

முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கசிவு நடந்து சில நாள்கள் ஆன திசு, ஊறிப்போன அட்டைபோல் இருக்கும். அதில் போடும் தையல் அறுத்துக்கொண்டு வந்துவிடும். அதற்குள் குடல்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதால், திறந்து உள்ளே போகும் முயற்சியிலேயே புதிய காயங்கள் ஏற்படலாம். என்டோஸ்கோபி சிகிச்சை முன்னுக்கு வந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இருந்தாலும் அறுவை சிகிச்சை ஒன்றே வழி என்னும் நிலைகள் இருக்கின்றன. வயிறு முழுவதும் சீழ் பரவி இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருப்பவர், மேலே இழுத்த இரைப்பை இரத்தமின்றிக் கறுத்துவிட்டவர், இணைப்பு முழுச் சுற்றளவும் பிரிந்தவர் ஆகியோருக்கு என்டோஸ்கோபியை நம்பிக் காத்திருப்பது ஆபத்து. அப்படிப்பட்ட நேரத்தில் மருத்துவர் "உடனே தியேட்டர்" என்று சொன்னால், முன்பு சொன்னதை மாற்றுகிறாரே என்று சந்தேகப்பட வேண்டாம். மாறியது நோயாளியின் நிலை.

ஓட்டையை அடைக்காம, ஒரு டியூபைச் சொருகி வெச்சிட்டுச் சும்மா இருக்காங்களே?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. கண்மாய்க் கரையில் உடைப்பு ஏற்பட்டால், மடையைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைக்காமல் உடைப்பில் மட்டும் மண்ணைக் கொட்டுவதில் பயனில்லை. கொட்டக் கொட்டக் கரைந்துபோகும். கசிவிலும் அதே கதைதான். ஓட்டைக்கு வெளியே தேங்கியிருக்கும் சீழ் வடிய வேண்டும். உள்ளே அழுத்தம் குறைய வேண்டும். உணவு வேறு வழியில் போக வேண்டும். கிருமி மருந்து வேலை செய்ய வேண்டும். இவை நடந்தால் சிறிய ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். இவை நடக்காமல் ஓட்டையை மட்டும் அடைத்தால், சீழ் உள்ளேயே அடைபட்டு நோயாளியின் நிலை மோசமாகும்.

எனவே அந்த டியூப் சும்மா இல்லை. தோல் வழியாக ஊசி செலுத்தி வைக்கப்படும் டிரெயினாக இருந்தாலும், மூக்கு வழியாக வைக்கப்படும் குழாயாக இருந்தாலும், சிகிச்சையின் பாதியை அதுதான் செய்கிறது. என் அனுபவத்தில், ஓட்டையை அடைக்க வேண்டும் என்று அவசரப்பட்ட குடும்பங்களைவிட, டிரெயினில் எத்தனை மில்லி வந்தது என்று தினமும் குறித்துவைத்த குடும்பங்களே மருத்துவருக்கு அதிகம் உதவியிருக்கின்றன.

கிளிப் போட்டு இறுக்கிட்டாங்களாம். துணி கிளிப் மாதிரியா?

கிட்டத்தட்ட அப்படித்தான். என்டோஸ்கோப்பின் உள்வழியே செலுத்தப்படும் சிறிய கிளிப்புகள் உட்சுவரின் மேற்படலத்தை மட்டும் பிடிக்கும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான, புதிய ஓட்டைகளுக்கு அவை போதும். இன்னொரு வகை, என்டோஸ்கோப்பின் நுனியில் தொப்பிபோல் மாட்டப்பட்டு வரும் பெரிய கிளிப். கரடியின் நகங்கள்போல் பற்கள் கொண்ட அது நிட்டினால் என்ற உலோகத்தால் ஆனது. ஓட்டையின் ஓரங்களைத் தொப்பிக்குள் உறிஞ்சி இழுத்துக்கொண்டு, சுவரின் முழுத் தடிமனையும் கவ்விப் பிடிக்கும். ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் வரையிலான ஓட்டைகளுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள்.

கிளிப்புக்கு மென்மையான, நெகிழும் திசு தேவை. முதல் பதிலில் சொன்ன பழகிய பாதையின் ஓரங்கள் தழும்பாகி இறுகியிருப்பதால், ஃபிஸ்டுலாவில் கிளிப் பிடிப்பது கடினம். பிடித்தாலும் பின்னர் விட்டுவிடுவது சகஜம்.

ஸ்டென்ட்னா இதயத்துல வெக்கிறதுதானே?

பெயர் ஒன்று, பொருள் வேறு. உணவுக்குழாயில் வைக்கப்படுவது விரல் தடிமனுக்கும் மேலான, உலோகக் கம்பிகளால் பின்னி, மேலே மெல்லிய உறை போர்த்திய குழாய். மடக்கிய நிலையில் உள்ளே போய், வைத்த இடத்தில் தானாக விரியும். உமிழ்நீரும் உணவும் ஓட்டையைத் தொடாமல் அதன் உள்ளே ஓடிவிடுவதால், வெளியே திசு ஆற நேரம் கிடைக்கிறது. பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரங்களில் எடுத்துவிடுவார்கள்.

இதன் பெரிய தொல்லை நகர்ந்துவிடுவது. புற்றுநோய்க் கட்டியில் வைக்கும் ஸ்டென்டைக் கட்டியே பிடித்துக்கொள்ளும். கசிவில் அப்படிப் பிடிக்க எதுவும் இல்லாததால் அது வழுக்கி இரைப்பைக்குள் இறங்கிவிடலாம். இதைத் தடுக்க மேல் விளிம்பைக் கிளிப்பாலோ தையலாலோ பொருத்துவது உண்டு. முனைகளில் உறை இல்லாத வகை அவ்வளவாக நகராது, ஆனால் அந்தக் கம்பிகளுக்குள் திசு வளர்ந்து எடுப்பது சிரமமாகும். அப்போது அதன் உள்ளே முழு உறை போட்ட இன்னொரு ஸ்டென்டை வைத்து, வளர்ந்த திசுவை அழுத்தித் தேயவிட்டு, ஒன்றிரண்டு வாரங்களில் இரண்டையும் சேர்த்து எடுப்பார்கள். நெஞ்சு வலியும் எதுக்களிப்பும் முதல் சில நாள்களில் பலருக்கு இருக்கும்.

ஸ்பாஞ்ச் வெச்சு உறிஞ்சுறாங்களாம். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சா?

அதே பாலியூரிதேன் குடும்பத்தைச் சேர்ந்த, மருத்துவத்துக்கென்று தயாரிக்கப்பட்ட நுண்துளைப் பஞ்சு அது. தோலில் ஆறாத புண்களுக்கு உறிஞ்சு கருவியோடு பஞ்சு வைத்துக் கட்டும் முறை முன்பே இருந்தது. அதைக் குடலுக்குள் கொண்டுபோகும் யோசனையை ஜெர்மனியில் 2000களின் தொடக்கத்தில் மலக்குடல் கசிவுகளில் செய்து பார்த்தார்கள். பின்னர் உணவுக்குழாய்க்கும் அது வந்தது. எனக்கு இந்த முறையில் தனி மரியாதை உண்டு. சீழ் வடிப்பதையும் ஓட்டையை மூடுவதையும் ஒரே கருவி செய்கிறது.

சீழ் தேங்கிய குழியின் அளவுக்குப் பஞ்சை வெட்டி, ஒரு குழாயின் நுனியில் கட்டி, என்டோஸ்கோப் உதவியோடு குழிக்குள் வைப்பார்கள். குழி சிறிதாக இருந்தால் உணவுக்குழாயின் உள்ளேயே ஓட்டைக்கு நேராக வைப்பதும் உண்டு. குழாயின் மறுமுனை மூக்கு வழியே வெளியே வந்து உறிஞ்சு இயந்திரத்தில் சேரும். பொதுவாக 125 மில்லிமீட்டர் பாதரச அளவில் தொடர்ந்து உறிஞ்சும். குழி சுருங்குகிறது, வீக்கம் வடிகிறது, இரத்த ஓட்டம் கூடுகிறது, அடியிலிருந்து சிவந்த புதுத்திசு வளர்ந்து நிரப்புகிறது.

மூன்றிலிருந்து ஐந்து நாள்களுக்கு ஒருமுறை மயக்கம் கொடுத்துப் பஞ்சை மாற்ற வேண்டும். "இன்னும் ரெண்டு நாள் விட்டு மாத்தக் கூடாதா" என்று கேட்பார்கள். தாமதித்தால் புதுத்திசு பஞ்சின் துளைகளுக்குள் வளர்ந்துவிடும். இழுக்கும்போது இரத்தம் வரும். மொத்தம் எத்தனை முறை மாற்ற வேண்டும் என்பதைக் குழியின் அளவுதான் தீர்மானிக்கும். பெரிய இரத்தக்குழாய்க்கு அருகே இருக்கும் குழிகளில் அரிதாகக் கடும் இரத்தப்போக்கு ஏற்படலாம் என்பதால், வைப்பதற்கு முன் சி.டி. படத்தை மீண்டும் ஒருமுறை பார்ப்பார்கள். குழாயில் திடீரெனப் புதிய இரத்தம் வந்தால் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.

மலக்குடல்ல லீக். வயித்துல பை வெச்சிருக்காங்க, ஆனாலும் ஸ்பாஞ்ச் எதுக்கு?

பை மலத்தின் ஓட்டத்தைத் திருப்பிவிடுகிறது. ஆனால் இணைப்புக்குப் பின்னால், இடுப்பெலும்புக் குழியில் ஏற்கெனவே தேங்கிய சீழை அது வெளியேற்றாது. மேலே சொன்ன அதே பஞ்சை ஆசனவாய் வழியாக வைத்து அந்தக் குழியைச் சுருக்குவார்கள். இப்படிச் செய்யாமல் விட்டால் குழி தழும்பாக இறுகி, பையை எப்போது எடுப்பது என்ற முடிவே தள்ளிப்போய்க்கொண்டிருக்கும்.

எடை குறைக்கிற ஆபரேஷனுக்கு அப்புறம் லீக். பன்னிவால் மாதிரி சின்னக் குழாய் வெச்சாங்களாம், அது எதுக்கு?

இரு முனையும் சுருண்ட அந்த பிளாஸ்டிக் குழாய்க்குப் பெயரே ஆங்கிலத்தில் பன்றிவால் என்பதுதான். தடிமன் மூன்று மில்லிமீட்டர் அளவே. ஒரு சுருள் ஓட்டையைத் தாண்டிச் சீழ்க்குழிக்குள் இருக்கும், மறு சுருள் இரைப்பைக்குள் இருக்கும். சீழ் வெளியே போவதற்குப் பதிலாக உள்நோக்கி இரைப்பைக்குள் வடிந்துவிடும். ஓட்டையை அடைக்காமல் திறந்தே வைக்கிறார்களே என்று திகைப்பவர்கள், கண்மாய் உவமையை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். குழி சுருங்கச் சுருங்க, குழாய்க்கு இடமில்லாமல் போகும். சில வாரங்களுக்கு ஒருமுறை பார்த்து எடுத்துவிடுவார்கள். வெளியே டிரெயின் பை தொங்காததால், பலர் இதோடு வீட்டுக்குப் போய் நடமாட முடிகிறது.

ஸ்லீவ் கசிவு பெரும்பாலும் மேல்முனையில், உணவுக்குழாய் சேருமிடத்துக்கு அருகே வரும். இரைப்பை குறுகிய குழாயாகிவிட்டதால் உள்ளழுத்தம் அதிகம். நடுவில் மடிப்போ குறுக்கமோ இருந்தால் இன்னும் அதிகம். அந்தக் குறுக்கத்தை பலூன் வைத்து விரிக்காமல் மேலே எதைச் செய்தாலும் கசிவு நிற்காது. நாள்பட்ட கசிவில், குழிக்கும் இரைப்பைக்கும் இடையே இருக்கும் சுவரை வெட்டி இரண்டையும் ஒன்றாக்கிவிடும் முறையும் இருக்கிறது.

பித்தப்பையைத்தான் எடுத்தாங்க. பித்தநீர் லீக்குக்கு வாய் வழியா ஏன் போறாங்க?

பித்தப்பையை எடுக்கும்போது அதன் குழாயைக் கிளிப் போட்டு மூடுவார்கள். அந்த அடிக்கட்டையிலிருந்தோ, கல்லீரலின் படுக்கையில் இருக்கும் மெல்லிய கிளைக் குழாய்களிலிருந்தோ பித்தநீர் கசியலாம். பொதுப் பித்தக்குழாய் குடலில் திறக்குமிடத்தில் ஒரு வளையத் தசை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதால், குடலுக்குப் போவதைவிட ஓட்டை வழியே போவது பித்தநீருக்குச் சுலபம். ஈ.ஆர்.சி.பி. என்ற முறையில் என்டோஸ்கோப்பைச் சிறுகுடலின் முதற்பகுதி வரை கொண்டுபோய், அந்தத் தசையைச் சிறிது வெட்டியோ, அதன் ஊடே ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்டை வைத்தோ வழியை இலகுவாக்குவார்கள். பித்தநீர் குடலுக்கே ஓடத் தொடங்கும். ஓட்டையைத் தொடாமலேயே ஓட்டை மூடிக்கொள்ளும். கசிவுச் சிகிச்சைகளிலேயே மிக நன்றாகப் பலன் தருவது இதுதான் என்பேன்.

இரண்டு எச்சரிக்கைகள். ஈ.ஆர்.சி.பி.க்குப் பின் சிலருக்குக் கணைய அழற்சி வரலாம். கடுமையான மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவினால் சொல்ல வேண்டும். பொதுப் பித்தக்குழாயே முழுவதுமாக அறுபட்டிருந்தால் ஸ்டென்டைக் கடத்துவதற்கு மறுபக்கம் இருக்காது. அதற்குக் குடலோடு இணைக்கும் அறுவை சிகிச்சையே வேண்டும்.

பசை ஊத்தி அடைச்சிட முடியாதா?

ஃபைப்ரின் பசை, சயனோஅக்ரிலேட் பசை இரண்டும் பயன்பாட்டில் உள்ளன. நீளமான, மெல்லிய, சீழ் இல்லாத பாதையில் அவை உதவும். அகன்ற, சுரப்பு அதிகமுள்ள பாதையில் நிற்காது. இதய ஓட்டையை அடைக்கும் கருவியை ஃபிஸ்டுலாவில் வைத்துப் பார்த்தவர்களும், என்டோஸ்கோப் நுனியில் தையல் கருவி மாட்டித் தைப்பவர்களும் இருக்கிறார்கள். மற்றவை பலிக்காதபோது யோசிக்கப்படும் வழிகள் இவை.

கொஞ்சம் கஞ்சித் தண்ணியாவது குடுக்கலாமா?

மருத்துவர் சொல்லும்வரை வாய்வழியாக ஒரு மிடறும் கூடாது. அதற்காகப் பட்டினி போடுவதாக நினைக்க வேண்டாம். ஓட்டையைத் தாண்டிச் சிறுகுடல் வரை செல்லும் மூக்குக்குழாய் வழியாகவோ, வயிற்றுத் தோல் வழியே சிறுகுடலில் வைத்த குழாய் வழியாகவோ உணவு தருவார்கள். குடலையே பயன்படுத்த முடியாதபோதுதான் இரத்தக்குழாய் வழி ஊட்டம். உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராம் புரதம் நாளொன்றுக்குத் தேவைப்படும் காலம் இது. வீட்டுக் கஞ்சியை வடிகட்டி அந்தக் குழாயில் ஊற்றினால் புரதமும் போதாது, குழாயும் அடைத்துக்கொள்ளும். ஊட்டச்சத்து நிபுணர் எழுதிக்கொடுத்ததை, ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரால் குழாயைக் கழுவிக் கொடுங்கள்.

எல்லாம் செஞ்சாச்சு, மூணு மாசமாச்சு, இன்னும் மூடலையே?

மூடாத பாதைக்கு ஏதாவதொரு காரணம் இருக்கும். அதைத் தேடாமல் அதே சிகிச்சையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் பொருளில்லை. பாதைக்குக் கீழே குடலில் அடைப்போ குறுக்கமோ இருக்கிறதா? உள்ளே தையல் நூல், ஸ்டேப்ளர் ஊசி, வலை போன்ற அந்நியப் பொருள் கிடக்கிறதா? வடியாத சீழ் இருக்கிறதா? காசநோயோ, கிரோன் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோயோ இருக்கிறதா? புற்றுநோய் திரும்பி வந்திருக்கிறதா? அந்த இடம் கதிர்வீச்சு பட்டதா? பாதை முழுக்க உள்தோல் படர்ந்துவிட்டதா? உள்தோல் படர்ந்திருந்தால், அதைத் தூரிகையால் சுரண்டியோ ஆர்கான் வாயு மின்சாரத்தால் பொசுக்கியோ பச்சைக் காயமாக்கிய பிறகே கிளிப்போ பசையோ பிடிக்கும்.

சிறுகுடலிலிருந்து தோலுக்கு வரும் ஃபிஸ்டுலாவில் ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வந்தால் தானாக மூடும் வாய்ப்புக் குறைவு. 200 மில்லிக்குக் கீழே என்றால் நம்பிக்கை அதிகம். அங்கெல்லாம் என்டோஸ்கோப் எட்டுவதும் கடினம். ஊட்டம் தேறி, அழற்சி அடங்கி, பல மாதங்கள் கழித்துச் செய்யும் அறுவை சிகிச்சை அப்போது சரியான முடிவாக இருக்கலாம். ஐந்தாம் கேள்வியில் வேண்டாம் என்று சொன்னது அவசரத்தில், கெட்ட திசுவில் செய்வதை.

ஸ்டென்டோட வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப வலியே இல்ல, எடுக்கணுமா?

எடுத்தே ஆக வேண்டும். வலி இல்லாததால் தேதியை மறந்து, பித்தக்குழாய் ஸ்டென்டோடு ஓராண்டு கழித்துக் குளிர்காய்ச்சலும் மஞ்சள் காமாலையுமாக வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடைத்துப்போன ஸ்டென்டில் கல் சேர்ந்திருந்தது. உணவுக்குழாய் ஸ்டென்ட் நீண்ட நாள் கிடந்தால் சுவரை அரித்துவிடும். டிஸ்சார்ஜ் தாளில் எந்த ஸ்டென்ட், எந்தத் தேதியில் வைத்தது, எப்போது எடுக்க வேண்டும் என்ற மூன்றும் இல்லையென்றால், எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். வீட்டில் இருக்கும்போது காய்ச்சல், குளிர் நடுக்கம், படபடப்பு, தண்ணீர் குடித்தவுடன் இருமல், கறுப்பாக மலம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே வர வேண்டும். இரத்த வாந்தி வந்தால் அருகிலிருக்கும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே நேராகச் செல்லுங்கள். எங்களிடம்தான் வர வேண்டும் என்று பயணத்தில் நேரத்தை இழக்காதீர்கள்.